சைகோனில் ஒரு ராத்திரி சாப்பாடு

வியட்நாமில் ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன், போகிற நம்ம நாகர்கோவில், தக்கலை ஆட்கள் ஒரு வேளையாவது பிரெஞ்சுக்காரர்கள் காலத்து பங்களாவில் நடக்கிற வியட்நாம் ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனா கொடுக்கலாம். நானும் அண்ணனும் வாங்கியது போ கோ. பட்டை, அன்னாசிப்பூ, எலுமிச்சைப்புல் எல்லாம் போட்டு நிதானமாக வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பு, கரண்டி பட்டதுமே கறி நார்நாராகப் பிரிகிறது, அதில் முக்கிச் சாப்பிட மொறுமொறுவென்று நீள பிரெஞ்சு ரொட்டி. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது, ரொட்டியும் காபியும் அங்கேயே தங்கிவிட்டன! நெத்தோலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற நூக் மாம் சாறும் மேசையில் இருந்தது, கருவாட்டு வாசம் பிடித்தவர்களுக்கு அது ரொம்பவே பிடிக்கும். அவ்வளவு தூரம் முடியாதா, சரி, புதுச்சேரி போங்கள். சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த சையோ, அதாவது உள்ளே கறி வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்த வியட்நாம் ரோல், அங்கே கிடைக்கும்.