லொட்டோர்ஃப்: சோலார் பலகைகளுக்குக் கீழே ஊறும் சதுப்பு

ஞாயிற்றுக்கிழமையில் ஜெர்மனியின் கிராமப் பேருந்துகளை நம்பிக் கிளம்புகிறவர், கையில் டாக்சிக் காசையும் வைத்துக்கொள்வது நல்லது. 2025இல் மாதம் 58 யூரோவாக இருந்தபோது வாங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளுக்கான மாதச் சீட்டு) வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நகரம் வரை நிம்மதியாக வந்து, ஷ்லை நீர்க்கரையில் பச்சை வெங்காயம் வைத்த ஹெரிங் மீன் ரொட்டியை ரசித்துத் தின்றேன்; உப்பும் புளிப்புமாக, அந்த விலைக்கு அதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பயணத்தில் கிடைக்கவில்லை. அங்கிருந்து, சதுப்பின்மேல் சோலார் பலகைகள் நிற்கும் லொட்டோர்ஃப் கிராமத்துக்குப் பேருந்து இல்லை. டாக்சி ஓட்டுநரோ சாலைப்பணி நடப்பதாகச் சொல்லி ஊரைச் சுற்றிக் காட்டி மீட்டரை ஏற்றினார். திரும்பும்போது நேர்வழியிலேயே நடந்து வந்தேன். சாலைப்பணியின் சுவடே இல்லை.

ஆனாலும் போனது வீணாகவில்லை. வடிகால் வெட்டிக் காயவைத்த பீட் (சதுப்பில் முழுதாக மட்காமல் படிந்த தாவர எச்சம்) நிலத்தில் மீண்டும் நீரைத் தேக்கி, அதன்மேலேயே சோலார் பலகைகளை நிறுத்திய ஜெர்மனியின் முன்னோடி இடங்களுள் லொட்டோர்ஃபும் ஒன்று. வேலிக்கு வெளியே நின்றபடியே, பலகை வரிசைகளுக்கு இடையில் கோரை முளைத்திருப்பதையும், கால் வைத்த இடம் மெத்தைபோல் அமுங்கிக் குளம்புத் தடமளவு கறுப்பு நீர் ஊறுவதையும் பார்க்க முடிந்தது.

அந்த நீர்தான் இங்கே முக்கியம். தாவர எச்சங்கள் காற்றுப் படாமல் நீருக்குள் படிந்து, ஒரு மீட்டர் பீட் சேர்வதற்கே ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் ஆகும். நீரை வடித்துவிட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கரியமில வாயுவாக்கிவிடுகின்றன, நிலமும் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகிறது. ஜெர்மனியின் பீட் நிலங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படி வடிக்கப்பட்டவை. அந்நாட்டின் மொத்தப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 சதவீதம் அவற்றிலிருந்துதான் வருகிறது. மேய்ச்சலை இழக்கும் விவசாயிக்கு மின்சாரத்தின் வழியே வருமானம் கிடைக்கும் என்பதால்தான் இந்தக் கூட்டணி எடுபடுகிறது. நிலத்தை நிரந்தரமாக நனைத்து வைத்தால்தான் சதுப்புமேல் நிற்கும் சோலார் பலகைகளுக்குரிய அரசு ஆதரவு உண்டு என்று 2023ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும் நிபந்தனை விதிக்கிறது. குளிர்காலத்தில் நீர்மட்டம் தரைக்கு 10 சென்டிமீட்டருக்குக் கீழும், கோடையில் 30 சென்டிமீட்டருக்குக் கீழும் இறங்கக் கூடாது.

கோடைக்கான அந்த 30 சென்டிமீட்டர் எனக்குத் தாராளமான சலுகையாகவே படுகிறது, ஏனெனில் அவ்வளவு இறங்கினால் மேலடுக்கு பீட் காய்ந்து மறுபடியும் வாயுவை விடத் தொடங்கிவிடும். தூண்களிலும் சிக்கல் இருக்கிறது: மெதுமெதுப்பான பீட்டைத் துளைத்து அடியிலுள்ள உறுதியான மண்வரை அவற்றை இறக்க வேண்டும், அமிலத்தன்மையுள்ள ஈரத்தில் துரு ஏறாமலும் காக்க வேண்டும், பழுது பார்க்கப் போகும் வண்டிகூடப் புதையாத வகையாக இருக்க வேண்டும். இத்தனை செலவையும் தாங்கி நீரைத் தேக்குகிறவர்களை மனதாரப் பாராட்டலாம். வடிகாலை அடைக்காமல் பலகைகளை மட்டும் நட்டுவிட்டுச் சதுப்பைக் காப்பதாகச் சொன்னால், அது வெறும் விளம்பரம்தான். பார்க்கப் போகிறவர்கள் பேருந்து ஓடும் வார நாளில் போங்கள். பலகைகளைப் படமெடுப்பதற்கு முன்னால் வடிகால் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.