நாவலுக்கு ஒரு நோட்டு, கடலுக்கு ஒரு நோட்டு

போன வருஷம் தை மாதம் ஒரு நாவல் எழுத உட்கார்ந்தேன். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணின் கதை. நான்கு அத்தியாயம் மளமளவென்று வந்தது, ஐந்தாவதில் நின்றுவிட்டது. முதலிலிருந்து திரும்பப் படித்தேன். எந்த மாதத்தில் கதை நடந்தாலும் கடல் நீலமாக, நிலா வெளிச்சத்தில், மெல்லக் கரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் விடிகாலையில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து, தண்ணீர் ஏற்றமா வற்றமா, தெளிவா கலங்கலா, என்ன பறவை, எத்தனை. இதில் உவமை எழுதக் கூடாது, அது நாவல் நோட்டுக்கு.

இந்த யோசனை விளாடிமிர் நபக்கோவைப் பற்றிப் படித்ததில் வந்தது. அவரை நாவலாசிரியராக மட்டும்தான் தெரிந்து வைத்திருந்தேன். 1940களில் அவர் ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சி சேகரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். நீலப் பட்டாம்பூச்சிகளில் ஒரு வகையை மைக்ராஸ்கோப்பில் வைத்து வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, இவை ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாகப் பல தடவையாக அமெரிக்காவுக்கு வந்தவை என்று 1945இல் எழுதினார். 2011இல் வந்த மரபணு ஆய்வு அதைச் சரி என்றது. கோடை விடுமுறையில் மனைவி வேரா கார் ஓட்ட, அவர் பூச்சி வலையோடு மலை மலையாக அலைவார். அந்தப் பயணங்களிலேயே சின்னச் சின்ன அட்டைகளில் நாவலும் எழுதினார். நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், வாழ்நாள் முழுக்கக் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர், தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. சரி, நாமும் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் பலன் ஆடியில் கிடைத்தது. எங்கள் ஊருக்கு இரண்டு கடல். வடகடல் பாக் விரிகுடாப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அன்றைக்குத் தென்கடல் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது, பேச்சு காதில் விழவில்லை. அப்படியே வடகடலுக்கு வந்தால் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. தென்மேற்குக் காற்றை நிலமும் தீவும் மறித்துக்கொள்கின்றன. ஐப்பசிக்கு மேல் வாடை பிறந்தால் எல்லாம் தலைகீழ். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் இரண்டாம் அத்தியாயத்தில் ஆடி மாத தென்கடலில் அண்ணன்காரன் ராத்திரி பாட்டுப் பாடிக்கொண்டு வள்ளத்தில் போகிறான்!

அந்த அத்தியாயத்தை முழுசாக எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் குடும்பம் வருஷா வருஷம் காற்று மாறும்போது வள்ளத்தை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றுகிறது. கடன் வாங்குவதும் அடைப்பதும் கல்யாணத் தேதியும் அதை ஒட்டியே நகர்கின்றன. முன்பு கதையில் சண்டை ஒரு கடிதத்தால் வந்தது. இப்போது வாடை பத்து நாள் முந்திக்கொண்டதால் வருகிறது.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியவர் எங்கள் தெரு அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் பாசி எடுக்கிறவர். என் நாயகி முங்கி, வண்ண மீன்களையும் ஆடுகிற பாசியையும் ரசிக்கும் இடத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஆடுற பாசிய அவ ஏன் தாயி பாத்துக்கிட்டு நிக்கிறா? கைய எங்க வச்சா கிழிக்கும்னுல்ல பாப்பா" என்றார்.

மறு வாரம் அவரோடு கரையில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய சேலையைக் கிழித்த துணியை ஒவ்வொரு விரலுக்கும் சுற்றுகிறார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்ற முனையை இழுத்து முடிச்சு. கட்டைவிரல் கடைசியில். நகத்தை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடுகள், எல்லாம் ஆறிய கீறல்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டி வளர்வதால் விரலால்தான் பிடுங்க வேண்டும். கட்டக்கோரை உயரமாக, காற்றுக் குமிழோடு நிற்கும். நான் எழுதியிருந்த "ஆடுகிற பாசி" அதுதான். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, துணி சுற்றுவதை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இதுவரை எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இரண்டு பக்கம்தான்.

அப்புறம் இந்தத் தை மாதம் பூநாரை பார்க்க தனுஷ்கோடி போனேன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. திரும்பும் வழியில் 1964 புயலில் சிதைந்த மாதா கோயில் சுவரோரம் நின்றேன். பவளக் கல் சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பூப்பூவாய்த் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு உயிர் இருந்திருக்கிறது. விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

நாவலின் மீதிக் கதை அங்கே கிடைத்தது. 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் கணக்கில் 21 தீவுகள். அதில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில். ஒன்று கீழக்கரைக்கு அப்பால் இருந்த பூவரசன்பட்டி. சுற்றியிருந்த பவளப் பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்துபோனது. மரத்தின் பெயர் இருக்கிறது, மரம் நிற்க மண் இல்லை. என் நாயகியின் தாத்தா அந்தக் கல்லை வெட்டி வள்ளத்தில் ஏற்றியவர் என்று வைத்திருக்கிறேன். அவள் வீட்டுச் சுவரும் அந்தக் கல்தான். அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை, அன்றைக்கு அது கூலி வேலை. அவர் பேத்தி அதே பாறையில் விரல் கிழிய நிற்கிறாள். இதை எப்படி நேர்மையாக எழுதுவது என்று தினமும் யோசிக்கிறேன்.

இன்றைய நிலவரம்: பதினாலு மாதம், கடல் நோட்டு மூன்று நிறைந்தது, நாவலில் ஆறு அத்தியாயம் நிற்கிறது. நாளை அமாவாசை. விடிவதற்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார் அக்கா, இந்தத் தடவை இடுப்பளவுத் தண்ணீர் வரை. விரலுக்குச் சுற்ற அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன்.