இரண்டு கிலோமீட்டர் பாலத்தில் கிரீப்பர் எங்கே தோன்றும்?

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பாம்பன் பாலம் தெரியும். கடந்த கோடை விடுமுறையில் அக்கா மகன் அந்தப் பாலத்தை, பிளாக் எனும் கனசதுரக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் கட்டத் தொடங்கினான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம்தான் வேண்டும், அதுவும் ஒரு பிளாக்கை ஒரு மீட்டராக வைத்து முழு நீளத்துக்கும் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டான். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 2,065 பிளாக் நீளம், மேல்தளம் மூன்று பிளாக் அகலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அத்தானின் விசைப்படகு கரையில் கட்டப்பட்டிருந்தது, வீடு நிறைய ஆட்கள் இருந்தோம், ஆகவே பாலத்தின் ஒவ்வொரு தூணும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே எழுந்தது.

பாலம் 600 பிளாக் நீளம் வளர்ந்திருந்த ஓர் இரவில் கிரீப்பர் ஒன்று, அதாவது ஆளை நெருங்கி வந்து வெடிக்கும் பகை உயிரினம், நடுப்பகுதியில் வெடித்து, இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தளம் முழுவதையும் கடலில் தள்ளியது. கரையிலிருந்து அது நடந்து வந்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்து, மறுநாள் கரைப்பக்கம் மதில் எழுப்பினோம். அடுத்த இரவும் கிரீப்பர் வந்தது. அதன் பிறகுதான், உயிரினங்கள் எந்த விதிப்படி தோன்றுகின்றன என்பதை முறையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகியது: இந்த விளையாட்டில் எந்த உயிரினத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும், அந்த நேரத்தில் ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் இங்கே எழுதுவது கணினியில் ஓடும் ஜாவா பதிப்பின் விதிகள். கைப்பேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் தொலைவுகளும் எண்ணிக்கை வரம்புகளும் வேறு.

விளையாட்டின் உலகம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும், ஆட்டக்காரரைச் சுற்றியுள்ள நிலத்தை 16-க்கு 16 பிளாக் கொண்ட சங்க் எனும் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொரு சங்க்கிலும் ஏதாவது ஒரு புள்ளியை அது குருட்டுவாக்கில் தேர்ந்தெடுக்கிறது. நீள அகலம் மட்டுமன்றி உயரமும் அப்படியே தேர்வாகிறது: உலகத்தின் அடித்தளமான −64-இலிருந்து, அந்த இடத்தில் உள்ள மிக உயரமான பிளாக்குக்கு ஒன்று மேல்வரை எந்த உயரமும் வரலாம். எங்கள் பாலத்தின் தளம் 75-ஆம் உயரத்தில் இருந்தது. ஆகவே பாலத்தின் மீது ஒரு புள்ளி விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 140-இல் ஒன்றுதான். மற்றவை கடல்நீரிலோ, கடலடிப் பாறைக்குள்ளோ, அதற்கும் கீழே உள்ள குகைகளிலோ விழும். பாறைக்குள் விழுந்தால் அந்த முயற்சி அத்துடன் முடிந்துவிடும். காற்று உள்ள இடத்தில் விழுந்தால், அதே உயரத்திலேயே அக்கம்பக்கத்தில் சில இடங்களைச் சோதித்து, பொருந்தும் இடங்களில் ஒரு கூட்டமாக உயிரினங்களை இறக்குகிறது. ஜாம்பிகள் ஒற்றையாக வராமல் மூன்று நான்காக ஒரே தளத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பொருந்தும் இடம் என்பதை விளையாட்டு ஒரு சுங்கச்சாவடியைப் போல அடுத்தடுத்து மறித்துத்தான் முடிவு செய்கிறது. காலடியில் முழுமையான, ஒளி ஊடுருவாத பிளாக் வேண்டும். கண்ணாடியின் மேலும், கீழ்ப்பாதியில் வைத்த அரைப்பலகையின் மேலும் பகை உயிரினம் தோன்றாது. உடல் அடங்குமளவு இடம் வேண்டும். எண்டர்மேன் எனும் நெட்டை உயிரினத்துக்கு மூன்று பிளாக் உயரம் தேவை. தண்டவாளம் பதித்த பிளாக்குக்குள் எதுவும் தோன்றாது என்பதும் விதி. இது எங்களுக்கு நேரடியாக உதவியது: நடுவில் தண்டவாளம் ஓடும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு இடம் தானாகவே பாதுகாப்பாகிவிட, இருபுறத்து ஓரங்கள்தான் மிஞ்சின.

அடுத்தது ஒளி. மருமகன் பார்த்துக் கற்ற பழைய காணொலிகளில், ஒளி அளவு 7 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பகை உயிரினம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். 2021 நவம்பர் 30 அன்று வெளியான 1.18 பதிப்பு அந்த விதியை மாற்றிவிட்டது: இப்போது தீப்பந்தம் போன்ற பிளாக்குகளிலிருந்து வரும் ஒளி முற்றிலும் சுழியமாக இருந்தால்தான் அவை தோன்றும். தீப்பந்தத்தின் ஒளி 14. ஒரு பிளாக் விலகும்போது ஒன்று குறையும், மூலைவாக்கில் அளக்காமல் படிப்படியாக எண்ண வேண்டும். மூன்று பிளாக் அகலமுள்ள தளத்தின் நடுக்கோட்டில் 25 பிளாக்குக்கு ஒரு தீப்பந்தம் வைத்தால் ஓரத்தில் உள்ள கடைசிப் பிளாக்குக்கும் ஒளி 1 கிடைத்துவிடும். பழைய விதியில் 11 பிளாக்குக்கு ஒன்று வேண்டியிருந்திருக்கும். 2,065 பிளாக்குக்கு முன்னது 83 தீப்பந்தம், பின்னது 188. மருமகன் பழைய கணக்கின்படி நெருக்கமாக வைத்து வந்ததால்தான் கரி தீர்ந்து, பாலத்தின் பிற்பாதி இருட்டாகக் கிடந்தது. கிரீப்பர் வந்தது அந்த இருட்டிலிருந்துதான்.

ஆனால் இருட்டு எங்கெங்கும் இருந்தபோது அது ஏன் மறுமுனையில் தோன்றாமல் எங்களுக்கு அருகிலேயே தோன்றியது என்பதற்கு விடை தொலைவில் இருக்கிறது. இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆட்டக்காரரிடமிருந்து 24 பிளாக்குக்குள் எதுவும் புதிதாகத் தோன்றாது. 128 பிளாக்கைத் தாண்டிய பகை உயிரினம் அந்தக் கணமே இல்லாமல் போய்விடும். 32-க்கும் 128-க்கும் இடையில் உள்ளவை அரை நிமிடம் கழிந்தபின் எந்தத் துடிப்பிலும் மறையலாம். ஒவ்வொரு துடிப்பிலும் 800-இல் ஒரு வாய்ப்பு. 32-க்குள் வந்துவிட்டால் அவை தாமாக மறைவதில்லை. பெயர்ப்பட்டை கட்டிய உயிரினத்துக்கு இந்த மறைவு கிடையாது.

இதைப் பாலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் நின்றால் இருபுறமும் 128 சேர்ந்து 256 பிளாக், அதாவது பாலத்தின் எட்டில் ஒரு பங்கு மட்டுமே அபாயம் உள்ள பகுதி. அதிலும் அவரை ஒட்டிய 48 பிளாக் வெறுமை. மிஞ்சிய இரண்டு துண்டுகளில்தான் எல்லாம் நடக்கும். நடக்க நடக்க அந்த இரண்டு துண்டுகளும் அவருடன் நகர்கின்றன; முன்னால் ஒரு கூட்டம் பிறக்க, பின்னால் ஒரு கூட்டம் அழிகிறது. கரையில் நாங்கள் எழுப்பிய மதிலுக்கு அப்பால் எந்தப் படையும் காத்திருக்கவில்லை. கிரீப்பரை அங்கே வரவழைத்தது நாங்கள் அங்கே நின்றதுதான்.

தடைக்காலத்தின் கடைசி வாரங்களில் மருமகன் வெடிமருந்துக்காகவும் எலும்புக்காகவும் பாலத்துக்குத் தெற்கே கடல்மட்டத்தில் ஓர் இருட்டறைக் கட்டடம் கட்டினான். உயிரினங்கள் உள்ளே தோன்றி, பள்ளத்தில் விழுந்து, பொருட்களைத் தர வேண்டும். பக்கத்திலேயே நின்று நெடுநேரம் காத்தும் ஏறக்குறைய எதுவும் விழவில்லை. திண்ணையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா, பல ஆண்டுகள் வல்லத்தில் போனவர், 24 என்றும் 128 என்றும் நாங்கள் பேசியதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு சொன்னார்: “கிட்ட நின்னா வராது, எட்டப் போனா இருக்காதுங்கிறீங்க. அப்ப வலைய விட்டுட்டு வல்லத்தத் தள்ளி நிப்பாட்டுற மாதிரி நீங்களும் தள்ளித்தானப்பா நிக்கணும்.”

அவர் சொன்னது சரி. அதற்குமேல் இன்னொரு தடையும் இருந்தது. தனி ஆட்டக்காரர் உலகில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய பகை உயிரினங்களின் உச்சவரம்பு 70. கட்டடத்துக்குக் கீழே கடலடிக் குகைகளில் ஜாம்பிகளும் சிலந்திகளும் முன்பே தோன்றி அந்த 70 இடங்களையும் பிடித்துக்கொண்டால், இருட்டறைக்கு ஒன்றும் மிஞ்சாது. திறந்த வானத்தின் கீழ் இரவிலும் முயற்சிகளில் ஒரு பகுதி தள்ளுபடியாகிவிடும், குகைக்கு அந்தத் தள்ளுபடியும் இல்லை. குகைகளை எல்லாம் தேடித் தேடி ஒளியேற்றலாம். அல்லது குகைகள் 128 பிளாக்குக்கு அப்பால் போகுமளவு உயரத்தில் நிற்கலாம். கடல்மட்டம் 63. ஆகவே 200-ஆம் உயரத்தில் ஒரு சிறிய மேடை அமைத்து அதில் நின்றுகொண்டு, இருட்டறையை அதற்கு 30 பிளாக் கீழே மாற்றிக் கட்டினோம். உயரம் கூடியதால் புள்ளி சரியான தளத்தில் விழும் வாய்ப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் போட்டியே இல்லாததால் 70 இடங்களும் எங்கள் இருட்டறைக்கே கிடைத்தன. அன்று இரவு அவன் நான்கு பெட்டிகளை நிரப்பினான்.

ஆடுமாடுகளின் கணக்கு வேறு. அவற்றுக்கான முயற்சி 400 துடிப்புகளுக்கு ஒருமுறை, அதாவது 20 நொடிக்கு ஒருமுறைதான் நடக்கிறது, வரம்பும் 10 மட்டுமே. பெரும்பாலானவை நிலம் முதன்முதலில் உருவாகும்போதே அதனுடன் வந்துவிடுகின்றன. தொலைவு போனாலும் மறைவதில்லை. கண்ட மாட்டையெல்லாம் வெட்டித் தின்ற ஆட்டக்காரர் பிறகு வெகுதூரம் நடக்க நேர்வது இதனால்தான். இரண்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பதே நல்லது. சதுப்புநிலத்தில் துள்ளித் திரியும் பசைக்கட்டி போன்ற ஸ்லைம்கள் நிலவைப் பார்த்து வருபவை. பௌர்ணமியில் மிகுந்து, அமாவாசையில் ஒன்றுமில்லாமல் போகும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை.

பாலம் மறுகரையைத் தொட்ட பிறகு, அங்கே மணலில் திரிந்த இரண்டு ஆமைகளுக்கு மருமகன் கடற்புல் ஊட்டினான். பெண் ஆமை தான் பிறந்த கடற்கரைக்கே போய் மணலைத் தோண்டி முட்டையிடும். விளையாட்டில் இது சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதை அவன் பார்த்திருக்கிறான், அதனால் முட்டைகளைச் சுற்றி உடனே வேலி கட்டினான், ஏனெனில் ஜாம்பிகள் அவற்றைத் தேடிவந்து மிதிக்கும். ஆனால் அவன் மண்டபம் முனைக்குத் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்ததில் பல நாட்களாக முட்டைகளில் கீறல்கூட விழவில்லை: 2,000 பிளாக் தள்ளி ஆள் இருந்தால் அந்தக் கரையில் காலமே ஓடாது. அருகில் இருந்தாலும் படுக்கையில் படுத்து இரவைக் கடந்தால் பயனில்லை, ஏனெனில் முட்டை பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்புதான் அடுத்த நிலைக்கு நகரும். தூங்கினால் அந்த வேளை தவறிவிடும்.

எனவே படுக்கையை உடைத்துப் போட்டுவிட்டு முட்டைகளின் பக்கத்திலேயே போய் நின்றான். 24 பிளாக்குக்குள் எதுவும் தோன்றாது என்ற விதியே அங்கே காவலாக அமைந்தது. அதற்கு வெளியே தோன்றி நடந்து வந்தவற்றை அவன் வாளால் தடுத்தான். இப்படிப் பல இரவுகள் காத்த பிறகு, ஒரு விடியலுக்கு முன் மூன்று குஞ்சுகள் வேலிக்குள் வெளிப்பட்டன. அவன் வேலியின் கடல்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, “மாமா, தாத்தாவைக் கூப்பிடுங்க” என்றான்.