இலவசக் கூட்டத்துக்கு எட்டாயிரம் ரூபாய்

நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு மலிவு பஸ்ஸில் போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பின்பக்கம் உட்காராதீர்கள். இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனசு வரவில்லை.

32 டாலர் டிக்கெட். காலை ஏழு மணிக்கு, மழையில், நடைபாதை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஷெல்டர் எல்லாம் கிடையாது. ஏழே முக்காலுக்கு வந்த பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது கழிப்பறைக்கு முந்தைய வரிசை. கதவு சரியாகச் சாத்தாது. ஒவ்வொரு வளைவிலும் திறந்து, டப்பென்று அடித்து, வாசனையை ஒரு சுற்று விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். தலைக்கு மேலே ஏசியிலிருந்து சொட்டு. கனெக்டிகட்டில் டிராஃபிக். நாலரை மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தார்கள், பாஸ்டன் சவுத் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஒன்றே முக்கால். டிரைவரிடம் கேட்டால் மழை என்கிறார். திருப்பூர் - கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸை இனி நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, எதற்கு இந்தப் பாடு? நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது பையர்களோடு ஆர்டர் பேசும் ஆள். 2025 செப்டம்பர் கடைசியில் பையர் மீட்டிங்குக்காக நியூயார்க் அனுப்பினார்கள். நடுவில் ஒரு நாள் சும்மா கிடைத்தது. எல்லாரும் நயாகரா போ என்றார்கள். நான் ஹார்வர்டில் அமெரிக்க - சீன உறவு பற்றி நடக்கும் ஒரு பொது உரைக்குப் போனேன். அனுமதி இலவசம். என் ரூம்மேட் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். 2025 ஏப்ரலில் சீனாவுக்கு 145 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தபோது எங்கள் ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். சீனாவின் ஆர்டர் எல்லாம் இனி நமக்குத்தான் என்று கணக்கு. மே மாதம் அமெரிக்காவும் சீனாவும் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசி அதை 30க்கு இறக்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 27இல் நமக்கு 50 ஆக்கினார்கள். அந்த இனிப்புக் கடை பக்கம் அப்புறம் யாரும் போகவில்லை. இந்த இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் கேட்க ஆசைப்பட்டது தப்பா?

ஒரே நாளில் போய்த் திரும்பியதற்குக் காரணம் பாஸ்டன் ரூம் வாடகை. பார்த்தேன், மூடிவிட்டேன்.

எங்கே எப்படிப் போவது என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஆனால் அதற்கு முன்னால் நூடுல்ஸ். சவுத் ஸ்டேஷனிலிருந்து சைனா டவுன் நடக்கிற தூரம்தான். நுழைவாயிலில் பெரிய தோரண வாசல், இரண்டு பக்கமும் கல் சிங்கம். 'உலகம் எல்லாருக்கும் பொது' என்ற பொருளில், சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென் அடிக்கடி சொன்ன வாசகம் மேலே பொறித்திருக்கிறது. இது 1982இல் தைவான் கொடுத்த அன்பளிப்பு. அமெரிக்கா 1979இல் தைவானைக் கைவிட்டு பெய்ஜிங்கை அங்கீகரித்த பிறகு வந்தது. கைவிட்ட வீட்டுக்கே தோரணம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு சின்னக் கடை, ஆறு மேஜை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மாவை இழுத்து, பலகையில் படார் படாரென்று அடித்து, நடுவில் கிழித்து, மறுபடி இழுக்கிறார். நம்ம பரோட்டா மாஸ்டரின் ஒன்றுவிட்ட தம்பி. ஆட்டுக்கறி, மிளகாய் எண்ணெய், மேலே கை நிறைய சீரகம். இடுப்பு பெல்ட் அகலத்துக்கு ஒவ்வொரு நூடுலும். முதல் வாய் வைத்ததும் பஸ்ஸை மன்னித்துவிட்டேன். அமெரிக்கா வந்த ஒன்பது நாளில் சீரகம் என்கிற ஒன்றை நாக்கு பார்த்தது அன்றைக்குத்தான். 17 டாலர், வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 21. எண்பத்தெட்டால் பெருக்கிப் பார்த்தேன், பெருக்கியிருக்கக் கூடாது.

அங்கிருந்து ரெட் லைன் மெட்ரோ, 2 டாலர் 40 சென்ட், நேராக ஹார்வர்ட் ஸ்டேஷன். வளாகத்துக்குள் ஜான் ஹார்வர்ட் சிலையின் கால் விரலைத் தடவ ஒரு கூட்டம் வரிசையில் நின்றது. கொஞ்சம் தள்ளி, வைட்னர் நூலகத்துக்குப் பக்கத்தில், ஆமை மாதிரி ஒரு விலங்கின் முதுகில் உயரமான பளிங்குப் பலகை. ஒருவர்கூட இல்லை. 1636இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டுக்கு, 1936இல், இங்கே படித்த சீனர்கள் சேர்ந்து கொடுத்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். துவைத்துத் துவைத்துப் பிரிண்ட் போன பனியன் மாதிரி எழுத்தெல்லாம் மங்கிக் கிடக்கிறது. பாஸ்டன் பனியும் மழையும் செய்த வேலை.

நேரம் இருந்ததால் ஹார்வர்ட் ஸ்கொயரில் ஒரு டீ-சர்ட் கடைக்குள் போனேன். தொழில் புத்தி. ஹூடியின் கையை விரலால் நெருடிப் பார்த்தேன்: 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) ஃப்ளீஸ், ரிப் சுமார், தையல் பரவாயில்லை. 75 டாலர்! இதே பீஸை நாங்கள் என்ன விலைக்கு அனுப்புவோம் என்று இங்கே எழுதினால் என் வேலை போய்விடும். லேபிளைத் திருப்பினேன். ஒன்று பாகிஸ்தான், ஒன்று ஹோண்டுராஸ், தொப்பி மட்டும் சீனா. திருப்பூர் இல்லை. வாங்காமல் வந்தேன்.

உரை நடந்தது கேம்பிரிட்ஜ் தெருவில் ஒரு கட்டிடத்தின் அடித்தள அரங்கில். சீன ஆய்வுக்கான ஃபேர்பேங்க் மையமும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறது. 1955இல் இந்த மையத்தைத் தொடங்கிய ஜான் கிங் ஃபேர்பேங்க்கை அதற்கு மூன்று வருஷம் முன்னால் செனட் துணைக்குழு கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்ட் ஆதரவாளனா என்று துருவியிருக்கிறது. சீனாவைப் படித்தவன் மேல் சந்தேகம் என்பது இந்த ஊரில் புதுசு இல்லை. 2025 மே மாதம்கூட ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களையே சேர்க்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, கோர்ட் நிறுத்தி வைத்தது.

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார், ஸ்லைடு மட்டும் கொஞ்சம் அதிகம். எனக்கு நின்றது ஒரே ஒரு ஸ்லைடு. அமெரிக்காவில் படிக்கும் சீன மாணவர்கள் 2019-20இல் 3,72,000க்கு மேல், 2023-24இல் 2,77,000 சொச்சம். அந்த வருஷம்தான் நாம் 3,31,000 பேரோடு முந்தினோம். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். சீனாவில் படித்த அமெரிக்க மாணவர்கள் 2018-19இல் 11,000க்கு மேல், கொரோனா காலத்து 2021-22இல் 211. இருநூற்றுப் பதினொன்று! எங்கள் கட்டிங் செக்ஷனில் அதைவிட அதிகம் பேர்.

கேள்வி நேரம் எங்கும் ஒரே மாதிரிதான். முன்வரிசையில் வெள்ளைத்தலைகள் எழுந்து கேள்வி என்ற பெயரில் பிரசங்கம் செய்தார்கள். ஒருவர் 1980களில் தான் பெய்ஜிங்கில் சைக்கிள் ஓட்டியதையே மூன்று நிமிஷம் சொன்னார். பின்வரிசை முழுக்கச் சீன மாணவர்கள். மைக் வந்தபோது ஒருத்தர்கூடப் பெயர் சொல்லவில்லை. 'இங்கே படிக்கிறேன்' என்று ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கேள்வியைப் பாதியில் நிறுத்தி, 'இது பதிவாகிறதா?' என்று கேட்டாள். இல்லை என்றார்கள். அப்புறமும் கேள்வியை மாற்றித்தான் கேட்டாள்.

அந்தப் பெண்ணோடு வெளியே குக்கித் தட்டுப் பக்கத்தில் பேச்சு வந்தது. என்ன வேலை என்றாள், நிட்வேர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவள் ஊர் ஷாவோசிங், அப்பாவுக்கு கெச்சியாவ் ஜவுளிச் சந்தையில் துணி வியாபாரம். எங்களுக்கு பாலியஸ்டர் துணி வருவதே அங்கிருந்துதான்! வரி, தைவான், சிப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கால் மணி நேரம் மீட்டர் விலை பேசினோம். அப்பா என்ன சொல்கிறார் என்றேன். 'அமெரிக்கா ஆர்டர் இல்லை, உங்களை மாதிரி ஆட்கள் வேறு விலை குறைக்கச் சொல்கிறார்கள்' என்றாள்.

அவள்தான் பக்கத்திலிருக்கும், சீனம் போன்ற கிழக்காசிய மொழி நூல்களுக்கான யென்சிங் நூலகத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். அலுமினியம் பிரித்தெடுக்க மலிவான வழி கண்ட சார்லஸ் ஹால் விட்டுப்போன சொத்தில், 1928இல் உருவான நிறுவனத்தின் பெயர் அது. வாசலில் இங்கேயும் இரண்டு கல் சிங்கம். இருட்டத் தொடங்கியிருந்தது, உள்ளே போகவில்லை. நிங்போவிலிருந்து 1879இல் ஹார்வர்டுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்க வந்த கெ குன்ஹுவா பற்றிச் சொன்னாள், எங்க ஊர்ப் பக்கத்துக்காரர் என்கிற பெருமையோடு. பாஸ்டன் வியாபாரிகள் பணம் திரட்டி மாசம் 200 டாலர் சம்பளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நாம் 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அந்த ஞாபகம் வந்தது. அவர் மூன்று வருஷ ஒப்பந்தம் முடியும் முன்னே 1882 பிப்ரவரியில் நிமோனியாவில் இறந்துபோனார். அதே வருஷம் மே மாதம் சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது.

சிங்கத்தோடு ஒரு படம் எடுக்கலாமா என்றேன். 'உங்களை எடுக்கிறேன், என்னை வேண்டாம்' என்றாள். பெயரை நானும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸும் 32 டாலர், இந்த முறை முன்வரிசை. மெட்ரோ, ஒரு காபி எல்லாம் சேர்த்து மொத்தம் 95 டாலர், நம்ம காசில் எட்டாயிரத்து முந்நூறு சொச்சம். நயாகராவுக்கு இதைவிட அதிகம் ஆகியிருக்கும் என்று ரூம்மேட்டிடம் சொல்லப் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி பத்தரைக்கு பையரின் மெயில் வந்தது. 'வரியைப் பகிர்ந்துகொள்ளும் முகமாக' பீஸுக்கு 40 சென்ட் குறைக்க முடியுமா என்று. ஊரில் அப்போது காலை எட்டு. முதலாளிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, போனை அணைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தேன்.