தொல்லை தடுப்புப் பயிற்சிச் சான்றிதழ்: பாஸ் ஆன பிறகும் ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

நேற்று சாயங்காலம்தான் புது நிறுவனத்தின் ஹெச்ஆரிடமிருந்து 'சரிபார்த்துவிட்டோம், ஏற்கிறோம்' என்று மெயில் வந்தது. மூன்று வாரம் இழுத்த விஷயம். தேர்வில் தோற்று இழுக்கவில்லை, முதல் தடவையே பாஸ். பாஸ் ஆன சான்றிதழைத்தான் திருப்பி அனுப்பினார்கள். அதனால் இங்கே பாடத்தைவிடச் சான்றிதழைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வேலையில் சேரக் கேட்ட ஆவணங்களில் 'பணியிடத் தொல்லை தடுப்புப் பயிற்சிச் சான்றிதழ்' என்று ஒரு வரி. தேடினேன், முதலில் கண்ணில் பட்ட பயிற்சிக்குப் பணம் கட்டினேன், ஒரே ராத்திரியில் முடித்து அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து பதில்: "நீங்கள் சேர்வது மேற்பார்வையாளராக. இது பணியாளருக்கான பயிற்சி." சான்றிதழை மறுபடி திறந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் என் பெயர், தங்க நிற முத்திரை, 'எல்லா நிறுவனங்களும் ஏற்கும்' என்ற வாசகம். அடியில் பொடி எழுத்தில் 'பணியாளர் பதிப்பு, 60 நிமிடம்'. அந்தப் பொடி எழுத்துதான் என் மூன்று வாரத்தைத் தின்றது.

எல்லாரும் ஏற்கும் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. பயிற்சி தரும் கடமையைச் சட்டங்கள் பொதுவாக முதலாளி மேல்தான் வைக்கின்றன. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் இந்தியாவின் 2013 சட்டத்தில் பிரிவு 19 அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் 5 பேர் இருந்தாலே பயிற்சி கட்டாயம்: மேற்பார்வையாளருக்கு 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 1 மணி நேரம், 2 ஆண்டுக்கு ஒருமுறை. நியூயார்க்கில் நேரக் கணக்கு இல்லை, ஆனால் ஆண்டுதோறும் வேண்டும், அதுவும் கேள்வி பதிலோடு இருக்க வேண்டும், வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். அதனால் சந்தேகம் வந்தால் அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், தயவுசெய்து முன், ஒரு மெயில் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் வேண்டும். கேட்க வேண்டியவை:

- என் பதவிக்கு எந்தப் பதிப்பு, எத்தனை மணி நேரம்?
- எந்த இடத்தின் சட்டப்படி?
- வெளியே முடித்ததை ஏற்பீர்களா, உங்கள் பயிற்சியையே முடிக்க வேண்டுமா?
- எத்தனை மாதத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும்?

மூன்றாவது கேள்வியை நான் கேட்டிருந்தால் ஒரு பைசா செலவாகியிருக்காது. பல நிறுவனங்கள் தாங்களே இலவசமாகத் தருகின்றன. கலிஃபோர்னியாவில் அரசுத் துறையே இலவச ஆன்லைன் பயிற்சி வைத்திருக்கிறது.

பழைய வேலையில் முடித்த சான்றிதழ் இருந்தால் பாடத்திட்டப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பு எடுத்த பயிற்சி சட்டப்படி சரியானது என்று காட்டும் பொறுப்பு புது நிறுவனத்தின் தலையில் விழலாம், வெறும் சான்றிதழை வைத்து அவர்களால் அதைக் காட்ட முடியாது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. நான் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: பாலியல் ஆசை இருந்தால்தான் அது பாலியல் தொல்லை என்று நினைத்திருந்தேன். தவறு. ஒருவரைப் பாலினத்தை வைத்து மட்டம் தட்டிக்கொண்டே இருப்பதும் அதில் சேரும். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்பது தப்பிக்கும் வழி ஆகாது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டு, இதைச் சுற்றி மட்டும் எனக்கு மூன்று கேள்விகள் வந்தன. இரண்டாவதாக எடுத்த மேற்பார்வையாளர் பயிற்சியை அவசரமில்லாமல் மூன்று நாள் பிரித்துப் படித்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கண்ணெதிரே நடந்தும் நான் பேசாமல் இருந்த ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது.

முடித்த கையோடு பிடிஎஃபை இறக்கி வையுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா, தேதி இருக்கிறதா, கால அளவு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என் முதல் பயிற்சிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டேன், சான்றிதழ் இறக்கிய பிறகு தர மாட்டார்களாம்.