மொட்டமாடியில 'அந்த நாள்'

ஜனவரி 16
எஸ்.பாலசந்தர் 1927 ஜனவரி 18ல பொறந்தவரு, நாளன்னிக்கு நூறாவது வயசு தொடங்குது. வீணை பாலசந்தர்னா எங்க ராயபுரத்துல பெருசுங்களுக்கு தெரியும், டைரக்டர்னா முழிக்கிறாங்க. அதான் மொட்டமாடியில அவரு டைரக்ட் பண்ண 'அந்த நாள்' படத்த போட்டுடலாம்னு முடிவு. பாட்டே கிடையாதான்னு பசங்க இப்பவே மூஞ்ச தூக்கிட்டானுங்க. சிவாஜி படம்டான்னு சமாளிச்சிருக்கேன், ஆரம்பத்துலயே அவர சுட்டுருவாங்கன்னு மட்டும் சொல்லல.

ஜனவரி 17
காணும் பொங்கல், ஊரே பீச்சுல, நாங்க புரொஜெக்டரோட மல்லுக்கட்டுறோம். எதிர்ல இருக்குற தெரு லைட்டுதான் வில்லன். புது எல்ஈடி, பளீர்னு அடிக்குது, மாருதி ராவ் கேமராவுல செதுக்கி வச்ச நிழலெல்லாம் வெளுத்துப் போச்சு. கலர் படமா இருந்தா பரவால்ல, இதுல பாதி கதை இருட்டுலதான இருக்கு! கீழ் வீட்டு அண்ணன் காசிமேட்லருந்து மீன் படக மூடுற தார்ப்பாய் ஒண்ணு தூக்கிட்டு வந்து சவுக்குக் கட்டையில இழுத்துக் கட்டுனாரு, கவுச்சி கொடலப் புடுங்குது, ஆனா இருட்டு கெடச்சுது.

ஜனவரி 18, ஞாயிறு
கதை நடக்குறது 1943, ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட சமயம். ஹார்பர் பக்கம்தான் போட்டான், நம்ம வீட்டுக்கு கூப்பிடு தூரம்னு சொன்னதும் பின்னாடி சலசலப்பு அடங்கிடுச்சு. துப்பாக்கி சத்தம், சிவாஜி நெஞ்சப் புடிச்சிட்டு தள்ளாடி விழறாரு, "ஐயோ அவ்ளோதானா"ன்னு பக்கத்து வீட்டு அக்கா. அப்புறம் சிஐடியா வர்ற ஜாவர் சீதாராமன் ஒவ்வொருத்தரா விசாரிக்க விசாரிக்க, ஆளுக்கொரு சிவாஜி வர்றாரு, ஒருத்தர் சொல்றதுல பாவமா தெரியுறவரு அடுத்தவங்க வாயில வேற மாதிரி ஆயிடறாரு. இடைவேளை விட்டப்ப சுண்டல் தின்னுகிட்டே கொலகாரன் யாருன்னு பந்தயம், அக்கா ஒரே ஆள்தான்னு அடிச்சு சொன்னாங்க. யாருன்னு நான் எழுத மாட்டேன்.

ஜனவரி 19
1954ல இத எடுத்தப்ப பாலசந்தருக்கு 27 வயசு. சங்கீதம் தெரியாத ஆளு பாட்டு வேணாம்னா சரி, இவரு வீணை வித்வான், இவரு வேணாம்னு சொல்லிருக்காரு பாருங்க, அதான் கெத்து. கடைசியில வசனம் கொஞ்சம் நீளம், அது மட்டும் எனக்கு ஒப்பல. அடுத்து போடப்போறது அவரோட 'பொம்மை', 1964. அதுல ஜேசுதாஸ் பாட்டு இருக்குன்னு சொன்னதும் மூஞ்ச தூக்குன பசங்கதான் மொத ஆளா பாய் விரிக்க வர்றோம்னானுங்க.