வாட்ச் எண்ணாத வாளிகள்

போன தீபாவளிக்கு என் கணவர் அத்தைக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தார். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டில் உடற்பயிற்சிக்குப் புள்ளி தருகிறார்கள், அம்மா வீட்டில் சும்மாதானே இருக்கிறார், கொஞ்சம் நடக்கட்டுமே என்று. அந்த 'சும்மா'வுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழாயில் தண்ணீர் நின்றுபோவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க மேடும் பள்ளமும்தான், எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 28 படி இறங்க வேண்டும், டேங்கரோ மேலேதான் நிற்கும். அப்படித் தண்ணீர் நின்ற ஒருநாள் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், 68 வயதில், அத்தை ஒன்பது நடை தண்ணீர் தூக்கினார். கடைசி நடையில் "போதும் அத்தை" என்றேன், பதில் சொல்ல மூச்சு இல்லை, கையை மட்டும் ஆட்டினார். வாட்ச்சைப் பார்த்தால் அவர் நடந்ததில் பாதிகூட அதில் ஏறவில்லை! அதே வாட்ச், சாயங்காலம் உட்கார்ந்த இடத்தில் ரொட்டி தேய்த்ததை மட்டும் நடையாக எண்ணி வைத்திருந்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் இருக்கும் கருவிக்குக் கால் தெரியாது, கை வீசுவதுதான் தெரியும். வாளி பிடித்த கை வீசாது, சப்பாத்திக் கட்டை பிடித்த கை சும்மா இருக்காது.

சரி, நாடித்துடிப்பாவது உண்மை சொல்லுமா? 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது பொதுவான கணக்கு, அத்தைக்கு 152. அதில் 64 முதல் 76 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய 97-லிருந்து 116 வரை போனால் மிதமான உழைப்பு. ஆனால் அத்தை இரத்த அழுத்தத்துக்கு அட்டனலால் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் வேலையே இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் வைப்பதுதான், அதனால் படியேறி மூச்சிரைக்கும்போதுகூட 88-ஐத் தாண்டவில்லை. வாட்ச்சைக் கேட்டால் ஓய்வில் இருக்கிறார் என்கிறது.

உடலுழைப்பை அளக்கும் கேள்வித்தாளும் இதைவிட ஒழுங்கில்லை. ஒருமுறை நர்சிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், ஐபேக் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு படிவத்தோடு வந்தாள். கடந்த 7 நாட்களில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று கேட்டு, நடைக்கு 3.3, மிதமானதற்கு 4, கடுமையானதற்கு 8 என்று பெருக்கிக் கூட்டுவார்கள். இந்த எண்களின் அலகு மெட், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பது 1 மெட். கணக்கெல்லாம் அழகுதான், ஆனால் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்கிறது படிவம். அத்தையின் ஒரு நடை நாலு நிமிடம், நடுவில் டேங்கர் வரிசையில் நிற்பார், அப்படியென்றால் அந்த 36 நிமிடமும் பூஜ்யம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று வழிகாட்டியபோது, இந்தப் பத்து நிமிடக் கெடுபிடி அதில் இல்லை. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும்.

அப்புறம் எதைத்தான் நம்புவது? எனக்குப் பிடித்தது பேச்சுச் சோதனை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை. அத்தையின் கை அசைவு எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவீடன்காரர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்றும் உண்டு, 6-லிருந்து 20 வரை, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நாமே சொல்வது. துடிப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் தோது. அத்தையிடம் கேட்டேன். "கடைசி வாளியா? 17 போடு" என்றார், யோசிக்கவேயில்லை.

போன வாரம் மறுபடி தண்ணீர் நின்றது. அத்தை வாட்ச்சைக் கழற்றிக் கணுக்காலில், கொலுசு போடும் இடத்தில் வைத்தார். பட்டை எட்டவில்லை, ரிப்பனால் கட்டிக்கொண்டார். அடிகள் மளமளவென்று ஏறின. துடிப்பு எதுவும் காட்டவில்லை, "அது எப்பக் காட்டினது ஒழுங்கா?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு படியேறினார்.